புலிகுத்திக் கல் முதல் புலிக் கணக்கெடுப்பு வரை

கொங்கு நாட்டைச் சூழ்ந்த மலைக்காடுகளில் மனிதருக்கும் புலிக்கும் இருந்த உறவைக் காட்டும் பழைய சான்றுகளுள் புலிகுத்திக் கற்கள் முதன்மையானவை. மாட்டுப்பட்டியைக் காக்கப் புலியோடு பொருது இறந்த வீரனை, அவ்விலங்கைக் குத்தும் கோலத்திலேயே செதுக்கி நட்ட இந்நடுகற்கள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இன்றும் காணப்படுகின்றன. கால்நடையே செல்வமாயிருந்த சமூகத்துக்குப் புலி பகையாக இருந்ததில் வியப்பில்லை. ஆங்கிலேயர் ஆட்சி அப்பகையை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்து, கொன்ற புலிக்கு வெகுமதிப் பணம் வழங்கியது; 1902-இல் கோவையில் அமைந்த காஸ் வன அருங்காட்சியகமும் 1912-இல் தொடங்கிய வனக் கல்லூரியும் வளர்த்த அறிவு முதன்மையாக மரத்தைப் பற்றியதாகவே இருந்தது. புலி எதைத் தின்று வாழ்கிறது என்ற எளிய கேள்வி முறையாக ஆராயப்பட மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் கடக்க வேண்டியிருந்தது.

தென்னிந்தியாவில் அக்கேள்வியை அறிவியல் ஒழுங்குடன் எழுப்பியவர்களுள் முன்னோடி, நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங் (1945–2024) ஆவார். 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில், கூட்டமாக வேட்டையாடும் செந்நாய்களைப் பின்தொடர்ந்து அவர் செய்த ஆய்வு, இயல்பான சூழலில் வாழும் பெரிய பாலூட்டியொன்றைப் பற்றி இந்திய அறிவியலாளர் ஒருவர் நிகழ்த்திய முதல் ஆய்வாகப் போற்றப்படுகிறது. அதைக் கொங்கு எல்லைக்கு அப்பாற்பட்டதென ஒதுக்க இயலாது. மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் புலியோ செந்நாயோ மாநில எல்லையாகக் கருதுவதில்லை. வேட்டையாடப்பட்ட விலங்குகளின் எஞ்சிய உடல்களைப் பதிவுசெய்வதும், ஊனுண்ணிகளின் எச்சத்தைக் கழுவி அலசி, அதிலுள்ள மயிரின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து இரையை அடையாளம் காண்பதும் இத்துறையின் அடிப்படை வேலைகள். கண்ணில் படாத விலங்கை அதன் கழிவைக்கொண்டு அறியும் இம்முறை பெருமைக்குரியதாகத் தோன்றாவிடினும், துப்பாக்கி ஏந்திய தலைமுறைகள் அறியாத பலவற்றை வெளிப்படுத்தியது.

புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றும் ஒரே காட்டில் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு இரையின் பருமன் ஒரு விடையாயிற்று. அருகிலுள்ள நாகரஹொளேயில் விலங்கியலாளர்கள் உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் நிகழ்த்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வு, புலி கொன்ற இரையின் சராசரி எடை 91.5 கிலோ எனவும், செந்நாய்க்கு 43.4, சிறுத்தைக்கு 37.6 கிலோ எனவும் காட்டியது. கடமானும் காட்டு மாடும் குறைந்த காட்டில் புலி நிலைக்காது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

எண்ணும் முறையும் மாற வேண்டியிருந்தது. 1972-இல் நாடெங்கும் 1,827 புலிகள் உள்ளதாகக் கூறிய கணக்கெடுப்பு, கால்தடத்தை நம்பியது. ஒரே புலியின் தடம் மண்ணுக்கேற்ப வேறுபடும் என்பதால் அது பிழைக்கு இடமளித்தது. வரிகள் புலிக்குப் புலி வேறுபடுவதைப் பயன்படுத்தி, தானியங்கிக் கேமராவில் ஒரு புலி எத்தனை முறை மீண்டும் பதிவாகிறது என்பதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் முறையைக் கரந்த் 1990-களில் நாகரஹொளேயில் நிலைநாட்டினார். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் அற்றுப்போனது 2005 வாக்கில் அம்பலமான பின்னரே தேசியக் கணக்கெடுப்பு கேமராவுக்கு மாறியது. தமிழகத்தில் 2006-இல் 76 எனக் கணிக்கப்பட்ட எண்ணிக்கை 2022-இல் 306 ஆயிற்று.

இவ்வளர்ச்சியில் சத்தியமங்கலத்தின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் நடமாட்டமும் அதிரடிப்படையின் தேடுதலும் நீடித்த ஆண்டுகளில் ஆய்வாளர் எளிதில் நுழைய முடியாத அக்காடு, 2004-இல் அவர் கொல்லப்பட்ட பின்னர் 2008-இல் சரணாலயமாகவும், 2013-இல் 1,408 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது; புலிகளை இரு மடங்காக்கியமைக்காக 2022-இல் பன்னாட்டு விருதும் பெற்றது. உயர்வில் ஒரு பகுதி, முன்பு எண்ணப்படாதவை எண்ணப்பட்டதன் விளைவு என்று கருத இடமுண்டு. எனினும் இரை விலங்குகள் மிகுந்த காடு அங்கு ஏற்கெனவே இருந்திராவிடில் எண்ணுவதற்கும் ஏதும் இருந்திராது.

தெற்கே வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத் துண்டுகளில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உணவில் பெரும்பகுதி காட்டு இரையே எனக் கண்டனர். ஆனால் தோட்டக் குடியிருப்புகளில் குழந்தைகள் சிறுத்தைக்குப் பலியாகும்போது மக்கள் கேட்பது கூண்டைத்தான். பிடித்து வேறிடத்தில் விடுவது தாக்குதலை நிறுத்துவதில்லை என்று மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி ஆய்வுகள் எச்சரித்த போதிலும், தெருவிளக்கு, கழிவறை, குப்பை அகற்றல் எனச் சூழலியலாளர் முன்வைக்கும் மெதுவான தீர்வுகளுக்கு அந்த இழப்பின் முன் எடை குறைவாகவே இருந்துவருகிறது.