காணாமல்போன இரவு அங்கி

1860 ஜூனில் இங்கிலாந்தின் ரோடு ஹில் இல்லத்தில் 3 வயதுச் சிறுவன் சாவில் கென்ட் கழுத்தறுபட்டுக் கிடந்தான். விசாரிக்க வந்தவர் ஜாக் விச்சர். 1842-ல் ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கிய துப்பறியும் பிரிவின் முதல் ஆட்களில் ஒருவர். சலவைக் கணக்கைப் புரட்டினார். சிறுவனின் தந்தைக்கு மூத்த தாரத்தில் பிறந்த மகள் கான்ஸ்டன்ஸின் 3 இரவு அங்கிகளில் ஒன்றைக் காணோம். அந்த ஒற்றைத் துணியை நம்பி 16 வயதுப் பெண்ணைக் கைது செய்தார். கௌரவமான வீட்டுப் பெண்ணின் உடுப்பைச் சாமானியப் போலீஸ்காரன் துழாவுவதா என்று ஊர் கொதித்தது. அவள் வெளியே வந்தாள். கெட்டது விச்சரின் பெயர்தான். 1865-ல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

இந்த வழக்கின் தடம் தெரியும் வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868) நாவலில் சலவைக் கணக்கைக் கேட்பவர் ரோஜாப் பிரியரான சார்ஜென்ட் கஃப். இங்கே காணாமல்போன அங்கியில் இருப்பது இரத்தமல்ல, கதவில் பூசிய ஈர வண்ணம். குழந்தைக் கொலை வைரத் திருட்டாகிவிட்டது. வாசகருக்கும் அதுவே வசதி. விச்சரைப் போலவே கஃபும் பாதியில் திருப்பி அனுப்பப்படுகிறார். ஆனால் அவர் சந்தேகித்த பெண் நிரபராதி.