வாந்திபேதியும் ஒரு முயற்குடலும்

குருநகரில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் தாய் தேடுவது ஜீவனிப் பொட்டலம். உப்பும் குளுக்கோசும் கலந்த அத்தூளை நீரிற் கரைத்துப் பருக்குகிறாள். அப்பொட்டலத்துக்குப் பின்னே ஒரு நெடுங்கதை உண்டு.

ஆறில்லாத குடாநாடு நமது. மழைநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. மலக்குழியின் கசிவும் அதே வழியே இறங்குகிறது. வீடுகள் நெருங்கிய கரையோரத்தில் இரண்டுக்கும் இடைத்தூரம் ஏது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பலமுறை சூறையாடியது. தெய்வக் குற்றம் என்றனர் நம்மவர். கெட்ட காற்று என்றனர் மேனாட்டு வைத்தியர் பலர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மானிப்பாயில் தமிழிலே வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் காலமான 1884ஆம் ஆண்டில்தான், கல்கத்தாவில் அந்நோயின் கிருமியைக் கண்டதாக ஜெர்மானியர் றொபேட் கொக் அறிவித்தார். இத்தாலியர் பச்சினி 1854இலேயே அதைக் கண்டு எழுதியிருந்தார், கேட்பாரில்லை.

கிருமி எவ்வாறு கொல்கிறது? நஞ்சு சுரக்கிறது என்று கொக் ஊகித்தார். அதை மெய்ப்பிக்க எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற வங்காளி வைத்தியர், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலாற் கட்டினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடித்து, கிருமி ஒன்றுமில்லாத வடிநீரை மட்டும் அதனுள் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது! உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றுவது கிருமியின் நஞ்சே என்பது தெளிவாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. நோபல் பரிசாளர் லெடர்பேர்க் அவரை அப்பரிசுக்கு முன்மொழிந்தார். 1985இல் அவர் மறையும்வரை இந்திய விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரை அங்கத்தவராக்கவில்லை. அந்நியன் மெச்சிய பின்னும் மெச்சாத நாடு!

இழந்த நீரை வாய்வழியே மீட்கலாம், உப்போடு குளுக்கோசும் சேர்ந்தால் குடல் அதை உறிஞ்சும் என்பதை 1968இல் டாக்காவில் நோயாளரிடம் சோதித்துக் கண்டனர். 1971இல் வங்கப் போரின் அகதிகள் எல்லையோரப் பொன்காவ் நகரில் குவிந்தனர். நாளத்தில் ஏற்றும் மருந்து தீர்ந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே தாதியர் போதவில்லை. நோயாளருக்குக் குவளை குவளையாக ஊட்டியவர்கள் அவரவர் உறவினரே.