கடாரமும் நாகையும்

கெடா நாட்டுத் தமிழரிடம் இந்நாட்டின் பழைமையைப் பற்றிக் கேட்டால், 'கடாரம் கொண்டான்' என்னும் பட்டப்பெயரே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். இராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை செலுத்தினான், கடாரத்தரசனை வென்றான், அவ்வளவோடு நமது சரித்திரம் முற்றுப்பெற்று விடுகிறது. தோட்டத்துப் பொங்கல் விழா மேடையிலும் நாம் கேட்பது இதுவே. ஆயின், வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விட்ட ஏடு கணக்காகாது என்பது தோட்டக் கிராணிமாராகிய நமக்குத் தெரியாததன்று.

கடாரத்தின் நிலையை முதலில் நோக்குவோம். கடல் கடந்து வந்த மாலுமிகளுக்குச் சுமார் 4,000 அடி உயரமுள்ள ஜெராய் மலை வழிகாட்டியாய் நின்றது. அதன் அடிவாரத்தில் மெர்போக், மூடா ஆறுகள் கடலிற் கலக்கின்றன. தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல்கள் வடகிழக்குக் காற்று எழும்வரை இங்கே காத்திருந்தன. காத்திருந்தோர் வாணிபம் செய்தனர், வழிபாட்டிடங்களும் எழுந்தன. சிவனைத் தொழுதோரும் புத்தரைத் தொழுதோரும் அருகருகே வாழ்ந்தனர். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கும் உலைகள் எரிந்தன. ஆற்றுக் கல்லும் செம்புரைக் கல்லும் இந்நாட்டவை. கட்டிய கைகளிலும் இந்நாட்டு மக்களின் கைகள் கலந்திருந்தன. மலாய் மொழியில் 'சண்டி' எனப்படும் இப்பழங்கோயில்களைக் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவியாரும் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து சுமார் 30 இடங்களுக்கு எண்ணிட்டனர். அவற்றுள் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல்லடித்தளம் 1960-இல் சீர்செய்யப்பட்டு, ஓடைக்கரையில் இன்றும் காட்சியளிக்கின்றது.

இது நிற்க. இக்கரையில் இந்திய நாட்டுச் சமயங்களுக்குக் கோயில்கள் எழுந்தன என்றால், கடாரத்தரசன் அக்கரை நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூளாமணி விகாரம் அது. சைவனாகிய இராஜராஜ சோழன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினான். லெய்டன் நகரின் பெயரால் அழைக்கப்பெறும் பெரிய செப்பேடுகள் இதனைக் கூறும். மகன் படையெடுப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகட்கு முன் தந்தை செய்த கொடை இது. படையெடுப்பை மனப்பாடம் செய்த நாம் கொடையை மறந்ததேன்?

மறதியின் பலன் இரு கரையிலும் ஒன்றே. நாகையின் பௌத்தப் பெருமைக்குச் சான்றாய் எஞ்சியிருந்த மூன்றடுக்குச் செங்கற்கோபுரம் 1867-இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதியுடன் ஏசுசபைப் பாதிரிமாரால் இடிக்கப்பட்டது. கெடாவில் சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த 11-ஆம் எண் சண்டி, நிலத்தை மனைகளாக்கும் வேலையில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளியாயிற்று. தனியார் நிலம், பாதுகாப்புப் பட்டியலில் ஏறாத இடம் என்பன சொல்லப்பட்ட சமாதானங்கள். சோழன் வென்ற நாடென மார்தட்டும் நம்மில் எத்தனை பேர் அதற்குமுன் அவ்விடத்தைச் சென்று கண்டோம்?

இன்னுமொன்று. நாகைத் துறையிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி இத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் வென்றவர்களாக வரவில்லை. 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிமாரின் ஆட்களாகவும் வந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரை அவ்வரவு நீடித்தது. காடழித்து ரப்பர் நட்ட அவர்களுக்குக் 'கடாரம் கொண்டான்' என்னும் பட்டம் ஒரு காசு கூலியும் கூட்டித் தரவில்லை. அரசரின் வெற்றி அரசருடையது. உழைத்தோரின் சரித்திரமே நம்முடையது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த பேரலை நாகைக் கரையையும் கோலா மூடாக் கரையையும் ஒரே நாளில் தாக்கிற்று. வென்றவன் கரை, தோற்றவன் கரை என்ற பேதம் கடலுக்கு இல்லை.

ஆதலால் தோழர்களே, வரும் விடுமுறையில் கோலா மூடாவில் கடற்காற்று வாங்கிய பின், பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள தொல்பொருட்காட்சிசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். இராஜேந்திரன் பெயரோடு ஆனைமங்கலத்தின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். எஞ்சிய சண்டிகள் யாவும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறவேண்டுமென மலாய், சீன அன்பர்களோடு சேர்ந்து கேளுங்கள். பழம்பெருமை பேசுவோர் செய்யவேண்டிய முதற்கடமை இதுவேயாம்.