யாழ்ப்பாணத்து அடுக்களையிற் கோதுமை: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்திற்கும் இடையே அமைந்தது மருதனார்மடம். இன்று அவ்வூரை அறிவோர் அதன் சந்தையாலும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரியாலுமே பெரிதும் அறிவர். ஆயின் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'மடம்' என்னுஞ் சொல் வேறொரு காலத்தை நினைவூட்டுவது. கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் எனக் குடாநாட்டில் இத்தகைய பெயர்கள் பல. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் மடமும், அதனருகே கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் அக்காலப் பிரயாணத்தின் அடையாளங்கள். அம்மடங்களில் அவிழ்க்கப்பட்ட பொதிகளில் என்ன உணவு இருந்தது என்னும் வினா அற்பமானதன்று. கோதுமை உண்ணவியலாத நோயாளர் ஒருவருக்கு அவ்வுணவு முழுவதும் ஏற்புடையதாயிருந்தது. இன்று அதே பெயர் தாங்கிய உணவுகளிற் பல அவருக்கு ஆகாதவை. இம்மாற்றம் நிகழ்ந்தவாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நோயினைப் பற்றிச் சில சொற்கள். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள பசைத்தன்மை வாய்ந்த புரதத்தைக் குளூற்றன் என்பர். சீலியாக் நோயுடையார் அதனை உண்ணின், உடலின் காப்பு முறைமையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது. உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை. குழந்தைகள் வளர்ச்சி குன்றுவர். வளர்ந்தோர் இரத்தசோகையால் வாடுவர். மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூற்றனை அறவே விலக்கியுண்பதே வழி. சிறிதளவு உண்டால் பாதகமில்லை என்னுஞ் சமாதானம் இங்குச் செல்லாது.

பழைய யாழ்ப்பாணத்து உணவை நோக்குவோமாயின், இவ்விலக்கு அங்கு இயல்பாகவே அமைந்திருந்தது. ஆறில்லாத குடாநாட்டில் மழையை நம்பி விளைந்த நெல் ஆண்டு முழுவதற்கும் போதியதன்று. குறையை நிறைத்தவை குரக்கன், சாமை, தினை, வரகு ஆகிய சிறுதானியங்களும் பனையுமே. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவிலே கூழும் பிட்டும் ஆயின. பிரயாணத்திற்கோ கட்டுச்சோறும், நாட்பட இருக்கும் புழுக்கொடியல், பனாட்டு, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் முதலியனவும் போதுமாயிருந்தன. இவற்றுள் ஒன்றிலேனும் கோதுமை இல்லை. பாண், விசுக்கோத்து என்னுஞ் சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவை என்பது உண்மையே. எனினும் சொல் வந்த காலத்திலேயே பொருளும் கிராமத்து அடுப்பங்கரையை அடைந்துவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

அடுப்பங்கரையை அடையச்செய்தது இரண்டாம் உலகப்போர். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசியின் வரவு அற்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. வரலாற்றின் விந்தை யாதெனில், இங்குக் கோதுமையைக் கொணர்ந்த அதே போர், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாய்நாட்டில் அதனை இல்லாமற் செய்தது. 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டு மக்கள் தியூலிப் பூச்செடியின் கிழங்கையும் உண்ண நேர்ந்தது. ஆயினும் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் பாணின்றித் தேறினர். பாண் மீண்டதும் மீண்டும் நலிந்தனர். கோதுமையை ஏற்கெனவே ஐயுற்றிருந்த வில்லெம் டிக்கே என்னுங் குழந்தை மருத்துவர் தம் ஆய்வினை 1950இல் வெளியிட்டார். நோய்க்குக் காரணம் இன்னதென உலகம் அறிந்தது அதன் பின்னரே.

மேனாடு கோதுமையை ஐயுறத் தொடங்கிய அக்காலத்திலேதான் நம்மவர் அதனை வசப்படுத்தக் கற்றனர். பச்சைக் கோதுமை மாவில் நீர் விட்டால் அது பசையாய் ஒட்டும். பிட்டுக்கு உதிராது, இடியப்ப உரலிற் பிழிபடாது. ஆகவே மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, கட்டிகளை உடைத்து, அரித்தெடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. 'அவித்த மா' என இன்று எவ்வீட்டிலும் வழங்குவது அதுவே. விஞ்ஞானம் பயிலாத பெண்கள் குளூற்றனின் பசையை வெப்பத்தால் அடக்கிய இச்செயல் பாராட்டற்குரியது. எனினும், பசை அடங்கியதேயன்றி நோயாளருக்கு ஊறு செய்யுங் கூறு அழியவில்லை.

இவ்வாறு மாவை அவித்ததன் பயனாக உணவின் பெயர் மாறாமலே பொருள் மாறிற்று. பிட்டு பிட்டாகவே இருந்தது. அரிசிமாவோடு 'அமெரிக்கன் மா' கலந்தது. இடியப்பமும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துத் தோசையில் உழுந்தோடு கோதுமை மா சேர்தல் இன்று பெருவழக்கு. தமிழகத்துத் தோசையை எண்ணி அதனை உண்ணும் நோயாளர் ஏமாறுவர். பனங்காய்ப் பணியாரத்திலும் பனங்களியோடு சேர்வது பெரும்பாலும் கோதுமை மாவே. பாணை விலக்குதல் எளிது, அது தன்னை மறைப்பதில்லை. பாட்டி காலத்துப் பெயரோடு வரும் உணவே ஆராயத்தக்கது.

பின்வந்த நிகழ்ச்சிகள் இப்போக்கை உறுதிப்படுத்தின. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு உணவுதவிச் சட்டத்தின் கீழ் மா வந்தது. எழுபதுகளின் முற்பகுதியிற் பாணுக்கு நீண்ட வரிசைகள் நின்றமை, அது எத்துணை இன்றியமையாததாகிவிட்டது என்பதைக் காட்டும். 1980இல் திருகோணமலையிற் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது.

பயணம் என்றதும் நாம் இன்பச் செலவையே எண்ணுகிறோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்ததும் ஒரு பயணமே. போர்க்கால முகாம்களில் உலர் உணவு நிவாரணமாக அரிசி, பருப்பு, சீனி ஆகியவற்றோடு கோதுமை மாவும் அளந்து கொடுக்கப்பட்டது. தெரிந்தெடுத்து உண்ணும் உரிமை அங்கு யாருக்கும் இல்லை. தனக்கு எது ஆகாதென அறியாத ஒரு குழந்தை அவ்விடத்தில் எவ்வாறு வாடியிருக்கும் என்பதை வரலாற்று மாணவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்; நிவாரணப் பட்டியல்களில் அது பதிவாவதில்லை.

இந்நோய் நம்மவர்க்கு உரியதன்று எனக் கூறுவாரும் உளர். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றின்படி, வடஇந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தென்னிந்தியாவில் நூற்றுக்கு 0.10 பேரிடமும் சீலியாக் நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்களைப் பொறுத்தவரை இருபகுதியினரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவே. அரிசியுண்ட மக்கள் கோதுமைக்கு மாறும்போது நேரக்கூடியது யாது என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

இனி, இன்று மருதனார்மடத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் நோயாளர் நிலை. 1990இல் நின்ற யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வழியில் விற்கப்படும் றோல்ஸ், பற்றிஸ் ஆகியவற்றை அவர் தொடலாகாது. வடையிலும் மா சேர்வதுண்டு. சாம்பாரின் பெருங்காயத்திலுங்கூடக் கோதுமை மா கலந்திருத்தல் கூடும். வீட்டிற் சமைத்த சோற்றுப் பொதியும் வாழைப்பழமும் புழுக்கொடியலுமே அவருக்கு நம்பத்தக்க துணை. உறவினர் வீட்டிலோ, "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றுஞ் செய்யாது" என்னும் உபசாரத்தை மறுத்தல் கடைச் சிற்றுண்டியை மறுப்பதினும் கடினம். பிட்டு வைத்தால், தனி அரிசிமாவா எனக் கேட்டேயாகவேண்டும். ஒடியல் மாவையும் குரக்கன் மாவையும் பற்றிக் கேட்கவேண்டியது வேறு: அவற்றை அரைத்த ஆலையில் அதற்கு முன் அரைபட்டது எது என்பதே அது.