வலியை மறித்த ஊசி

இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட மூதாட்டியைக் காண வருவோர், ஆரஞ்சுப் பழத்தோடு இரு சொற்களையும் மறவாமல் கொண்டு வருவர்: வயது, விதி. வயதை நாம் மறுப்பதற்கில்லை. விதியை மட்டும் சற்று விசாரிப்போம்.

வலியைப் போக்குவதே பாவம் என்று வாதிட்டோர் மேனாட்டிலும் இருந்தனர். 1847-ல் எடின்பரோ நகரில் சிம்சன் என்னும் மருத்துவர் பேறுகால வலிக்குக் குளோரோபாரம் அளித்தபோது, நோவோடு பெறுவதே பெண்ணுக்கு ஆண்டவன் இட்ட கட்டளை என்று எதிர்ப்பு எழுந்தது. சிம்சன் அதே மறைநூலைப் புரட்டினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவனே அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தவில்லையா என்று கேட்டார். 1853-ல் விக்டோரியா அரசியாரே குளோரோபாரம் முகர்ந்து மகவு ஈன்றார். மறுப்புக் குரல் தணிந்தது. அரண்மனைக்குள் நுழைந்தால் பாவமும் புண்ணியமாகும் போலும்!

எனினும் குளோரோபாரம் ஆளையே உறங்க வைப்பது. வலிக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்வது எப்படி? விடை கண்டவர் வியன்னா நகர மருத்துவர் கார்ல் கோலர், வயது இருபத்தாறு. தென்னமெரிக்க மலைநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக மென்று வந்த கோகா இலையிலிருந்து, ஜெர்மன் நாட்டு நீமன் 1860-ல் கொக்கேயினைப் பிரித்தெடுத்திருந்தார். அது பட்டால் நாக்கு மரக்கும் என்பதைப் பலர் அறிவர். நாக்கு மரக்குமானால் கண்ணும் மரக்காதா என்று கேட்டவர் கோலர். தவளையின் கண்ணில் சொட்டினார். முயலின் கண்ணில் சொட்டினார். பிறகு தம் கண்ணிலேயே சொட்டிக் குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். வலியில்லை! 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் மாநாட்டில் அவர் கட்டுரை அரங்கேறியது. படித்தவர் வேறொருவர், கோலரிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை.

உலகம் அவரைப் புகழ்ந்தது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரோ, 1885 சனவரியில், நோயாளி ஒருவரின் சிகிச்சை பற்றிய தகராறில், யூதன் என்று பிறப்பைச் சொல்லி இழித்துரைத்தார். கோலர் கன்னத்தில் அறைந்தார். வாட்போர் நடந்தது, இழித்தவர் காயமுற்றார், கோலர் காயமின்றி மீண்டார். ஆனால் அவர் விரும்பிய கண் மருத்துவப் பதவி வியன்னாவில் அவருக்குக் கிட்டவேயில்லை. 1888-ல் நியூயார்க் சென்று குடியேறினார். ஆயிரமாயிரம் கண்களின் நோவைத் தீர்த்தவன் எந்தக் குலத்தவன் என்று கேட்ட மூளைக்கு மருந்து எது? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று.

கோலர் மேற்பரப்பை மரக்கச் செய்தார். அதே 1884-ல் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட், ஹால் ஆகியோர் நரம்பருகே மருந்தைச் செலுத்தி, வலிச் செய்தி மூளைக்கு ஏறும் பாதையையே மறித்தனர். தம் உடலில் சோதித்த ஹால்ஸ்டெட் கொக்கேயினுக்கு அடிமையானார். அறிவியல் கேட்ட விலை அது. பின்னர் புரோக்கெயின் வந்தது. 1943-ல் சுவீடனில் லிடோக்கெயின் உருவாயிற்று. அடிமைப்படுத்தும் ஆபத்து அகன்றது.

இனி மூதாட்டியிடம் மீள்வோம். முறிந்த காலை அசைத்தால் உயிர் போகும் வலி; அசைக்காமல் எக்ஸ்ரே படம் எடுப்பதோ அரிது. அபின் வகை மருந்தை மிகுத்தால் முதியோருக்கு மூச்சுத் தளரும், மனம் குழம்பும். எனவே அவசரப் பிரிவிலேயே தொடையின் மேற்புறத்தில், கவட்டிக்குச் சற்றுக் கீழே ஊசி ஏற்றி, இடுப்புத் தசையைப் போர்த்திய உறைக்கு அடியில் மருந்தைப் பரப்புகின்றனர். ஒலியலைக் கருவி ஊசிமுனையைத் திரையில் காட்டுகிறது. பிரெஞ்சு மருத்துவர் டாலன்சும் தோழர்களும் 1989-ல் குழந்தைகளுக்காக விவரித்த முறை இது. 2020-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நரம்பை மறித்தால் அரை மணிக்குள் அசைவின் வலி குறைகிறது, மனக்குழப்பமும் குறைகிறது என்று கண்டது.

எலும்பை இந்த ஊசி ஒட்டவைக்காது, அறுவை வேண்டும். சில மணி நேரத்தில் மரப்பும் நீங்கும். ஆகவேதான் இங்கிலாந்தின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறை, நோயாளி வந்தவுடன் வலியைக் கேட்டறியச் சொன்னது. முதல் மருந்து தந்த 30 நிமிடத்துக்குள் மீண்டும் கேட்கச் சொன்னது. பிறகு நோயாளி அமைதியுறும் வரை மணிக்கு ஒருமுறை கேட்கச் சொன்னது.