நேர்காணல் நன்றிக் குறிப்பு

வேலைக்கான நேர்காணல் முடிந்தபின், தேர்வு செய்பவருக்கு விண்ணப்பதாரர் அனுப்பும் சுருக்கமான கடிதம் அல்லது மின்னஞ்சல். அமெரிக்க அலுவலகங்களில் வேரூன்றிய வழக்கம். அங்கே ஒரு நாளுக்குள் அனுப்புவது மரபு.

சானமாவு போன்ற ஊர்கள் சூழ்ந்த ஓசூர் வட்டாரத்தில், சிப்காட் தொழிற்பேட்டைகளின் வேலைகளுக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பலர் கேம்பஸ் இன்டர்வியூ, வேலைவாய்ப்பு முகாம் வழியாகச் செல்கிறார்கள். ஒரே நாளில் பலரைப் பார்க்கும் மனிதவள அலுவலருக்குப் பொதுவான நன்றி பயன்படாது. பேசியதில் ஒன்றைச் சுட்டுவதே குறிப்பின் உயிர்:

"வணக்கம் சார். இன்று காலை சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு வந்திருந்தேன். மைக்ரோமீட்டர் அளவீடு பற்றி நீங்கள் கேட்டதற்கு முழுமையாகப் பதில் சொல்லவில்லை, ஐ.டி.ஐ.யில் அதில் பயிற்சி பெற்றிருக்கிறேன். ஷிப்டு வேலைக்குத் தயார். நன்றி."

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இப்பகுதியில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போவதே வழக்கம். எளிய தமிழில் எழுதுவதிலும் குறையில்லை. கேட்காமல் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும், சம்பளம் பற்றிக் குறிப்பில் பேசுவதும் தவறு.

அரசுப் பணித் தேர்வில் நன்றிக் குறிப்பே கூடாது. தேர்வாளரைத் தனியே அணுகுவது ஆதரவு திரட்டலாகக் கருதப்பட்டு விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.