அறையும் ஆளும்: இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் குழந்தைகள் காப்பகக் கண்காணிப்பு (1934–2018)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் குழந்தைகள் காப்பகம் கல்விச் சட்டத்தின் வழியாக அன்றித் தொழிலாளர் சட்டத்தின் வழியாகவே சட்டக் கடமையாயிற்று. 1934 முதல் 2018 வரை வெளிவந்த முதன்மையான சட்டங்களையும் விதிகளையும் ஒப்பிட்டு, அவை யாரை எண்ணின, எதனைக் கட்டாயமாக்கின என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் நெடுங்காலம் பெண் தொழிலாளரை எண்ணி அறையைக் கட்டாயமாக்கியது. குழந்தையை எண்ணிக் கண்காணிப்பாளரை நிறுத்தும் முறை காலந்தாழ்ந்தே தோன்றியது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குழந்தைகள் காப்பகம், தொழிற்சாலைகள் சட்டம், தோட்டத் தொழிலாளர், கண்காணிப்பு, பாதுகாப்பு விதிகள்.

முன்னுரை

பெற்றோர் வேலையில் இருக்கும் நேரத்தில் சிறு குழந்தையைப் பேணும் காப்பகத்தின் பாதுகாப்பு இரண்டு கூறுகளைச் சார்ந்தது. ஒன்று அறை: அதன் பரப்பு, காற்றோட்டம், வெளிச்சம், கூரை, தண்ணீர்த் தொட்டி, அடுப்பிலிருந்து அது விலகியிருக்கும் தொலைவு. மற்றொன்று ஆள்: எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர், அவர் பெற்ற பயிற்சி, நாள் முழுதும் அவர் குழந்தைகளின் நடுவே இருக்கிறாரா என்பது. அறையை ஆய்வாளர் ஒரே வருகையில் அளந்துவிடலாம். ஆளின் கவனத்தை அவ்வாறு அளக்க இயலாது. அவர் சென்ற பின்னர் நிகழ்வதே கண்காணிப்பின் பெரும்பகுதி. இவ்வேறுபாடு இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை வரலாற்று முறையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 1948க்கு முந்தைய நிலை

பஞ்சாலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்குழந்தையுடைய பெண்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. குழந்தையை ஆலைக்குள் எடுத்துச்சென்று இயந்திரங்களுக்கிடையே கிடத்தலாம். அல்லது வீட்டில் மூத்த குழந்தையிடமோ அண்டை வீட்டாரிடமோ விட்டுச் செல்லலாம். குழந்தை அழாமல் உறங்க அபின் கொடுக்கும் வழக்கம் பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையே பரவியிருந்ததை 1922இல் மருத்துவர் பார்ன்ஸ் தம் அறிக்கையில் பதிவுசெய்தார். மேற்பார்வைக்கு ஆளில்லாத இடத்தை மருந்து நிரப்பியது என்பதே இச்செய்தியின் பொருள்.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், பெண்கள் கணிசமாக வேலை செய்யும் ஆலைகளில் காப்பகங்கள் அமைக்கப் பரிந்துரைத்தது. இதனைத் தொடர்ந்து வந்த 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் அவர்களுடைய 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்குமாறு விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. அவ்வறையின் தரத்தையும், அங்கே குழந்தைகள் மேல் செலுத்தவேண்டிய மேற்பார்வையின் தன்மையையும் விதிகள் வரையறுக்கலாம் என்றது. இவ்வாறு அறையும் ஆளும் தொடக்கத்திலேயே சட்டத்தின் பார்வையில் இருந்தன. ஆயினும் அது கடமையாக அன்றி அதிகாரமாகவே அமைந்தது.

2. 1948: 'பொருத்தமான அறை'

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு காப்பகத்தை நேரடிக் கடமையாக்கியது. 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொருத்தமான அறை இருத்தல் வேண்டும். அது போதிய இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையதாக இருத்தல் வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என அது விதித்தது. மாநில அரசுகள் விதி செய்யத்தக்க பொருள்களாக அறையின் அமைவிடம், கட்டுமானம், அறைகலன்கள், துணி துவைக்கவும் மாற்றவும் வசதி, இலவசப் பால் அல்லது சிற்றுண்டி, தாய்மார் பாலூட்டும் வசதி ஆகியன குறிக்கப்பட்டன. ஒரு பணியாளரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்பது இப்பட்டியலில் தனித்து இடம்பெறவில்லை.

அதே 1948ஆம் ஆண்டில் பிரிட்டனில் குழந்தைக் காப்பகங்களையும் கூலிக்குக் குழந்தை பார்ப்போரையும் ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் நிறைவேறியது ஒப்பிடத்தக்கது. அச்சட்டம் காப்பகத்தையே உள்ளூர் சுகாதார அமைப்பிடம் பதிவு செய்யுமாறு கூறியது. நடத்துபவரோ இடமோ தகுதியற்றிருப்பின் பதிவை மறுக்கலாம். சேர்க்கத்தக்க குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பிடலாம். அங்கே பதிவு காப்பகத்துக்கு உரியது. இந்தியாவிலோ உரிமம் தொழிற்சாலைக்கு உரியது; காப்பகம் உணவுக்கூடம், ஓய்வறை ஆகியவற்றோடு நலவசதிகளின் வரிசையில் வைக்கப்பட்ட இணைப்பாகும். அதனைப் பார்வையிட வருபவரும் இயந்திரக் காப்பு, வேலைநேரம், பதிவேடுகள் ஆகியவற்றை ஆய்வதற்கு அமர்த்தப்பட்ட தொழிற்சாலை ஆய்வாளரே.

3. எண்ணிக்கை வரம்பும் அதன் விளைவும்

1948ஆம் ஆண்டின் அமைப்பு பிற்காலச் சட்டங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1966ஆம் ஆண்டுப் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ஆகிய மூன்றும் இயற்றப்பட்ட காலத்தில் 50 பெண்கள் என்னும் அளவையே கொண்டிருந்தன. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிற்சாலைகளுக்கான வரம்பை 30ஆகக் குறைத்தது.

பெண்களை எண்ணும் முறை இரண்டு விளைவுகளுக்கு இடமளித்தது. முதலாவதாக, ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்ப்பதே வேலையளிப்பவருக்குப் புதிய செலவைத் தோற்றுவிக்கும் நிலை ஏற்பட்டது. வரம்புக்குக் கீழே நிறுத்திக்கொள்ளவோ ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கவோ அது தூண்டுதலாயிற்று. இரண்டாவதாக, வேலையிடம் சிதறியிருந்த தொழில்களில் சட்டம் செயலற்றுப்போயிற்று. திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் பீடித் தொழில் பெரிதும் வீடுகளில் நடைபெறுவது. தாய் இலை வெட்டிச் சுருட்டும் திண்ணையிலேயே, புகையிலைத் தூளின் நடுவே குழந்தையும் வளர்கிறது. அங்கே 50 பெண்கள் ஒரு கூரையின் கீழ்க் கூடுவதில்லை. எனவே காப்பகக் கடமையும் எழுவதில்லை.

ஒப்பந்தத் தொழிலாளருக்கான 1971ஆம் ஆண்டு மத்திய விதிகள் வரம்பை 20 பெண்கள் எனக் குறைத்தன. இரண்டு அறைகள் வேண்டும், ஒன்று விளையாட, மற்றொன்று உறங்க எனவும், விளையாட்டுப் பொருள்களும் கட்டில்களும் படுக்கைகளும் போதிய அளவில் வைக்கப்பட வேண்டும் எனவும் அவை கூறின. சட்டத்தின் கற்பனை அறையையும் பொருளையும் சுற்றியே விரிந்ததற்கு இவ்விதி நல்ல சான்றாகும்.

4. மலைத்தோட்டங்கள்: பெயர் காட்டும் உண்மை

தமிழ்த் தொழிலாளர் காப்பகத்தை நெடுங்காலம் அறிந்திருந்த களம் மலைத்தோட்டமே. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இலங்கையின் மலையகத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் குழந்தையை விட்டுச்செல்லும் இடம் ஒன்று இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் அதற்குப் 'பிள்ளைக் காம்பரா' எனவும் 'பிள்ளை மடுவம்' எனவும் பெயர். தொழிலாளர் குடியிருந்த லயத்து அறையும் காம்பராவே. கொழுந்து நிறுக்கும் கொட்டகையும் மடுவமே. குடியிருப்பையும் கொட்டகையையும் குறித்த சொற்களே காப்பகத்துக்கும் வழங்கியமை, தொழிலாளர் கண்ணுக்கு அது முதன்மையாக ஓர் இடமாகவே தோன்றியதைக் காட்டுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மலையேறிக் கொழுந்து பறிக்க இயலாத முதிய பெண்களுக்கு அளிக்கப்பட்டது. குழந்தை பார்த்தல் திறன் வேண்டும் தொழிலாக அன்றி, வேலைத்திறன் குன்றியோருக்குரிய எளிய பணியாகக் கருதப்பட்டது.

இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் செய்யப்பட்ட திருத்தம் இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 50 பெண்கள் இல்லாவிடினும், பெண் தொழிலாளரின் குழந்தைகள் 20 பேரோ அதற்கு மேலோ இருப்பின் காப்பகம் வேண்டும் என அது கூறியது. தாயை எண்ணிவந்த சட்டம் குழந்தையையும் எண்ணத் தொடங்கியமைக்கு இத்திருத்தம் ஓர் எடுத்துக்காட்டாகும்.

5. ஆளை முன்னிறுத்திய முயற்சிகள்

1969இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் க்ரெஷஸ் அமைப்பு வேறொரு வழியைக் காட்டியது. காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானத் தளத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டதே அதன் தோற்றத்துக்குக் காரணம். கட்டடம் முடிந்ததும் தொழிலாளர் இடம்பெயர்வர்; அவர்களோடு காப்பகமும் பெயரும். நிலையான அறை இல்லாத இச்சூழலில் பயிற்சி பெற்ற பணியாளரே காப்பகத்தின் அடிப்படையாக அமைந்தார்.

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் இக்கருத்தை எளிய வடிவில் ஏற்றது. பெண்களுடன் வேலைத்தளத்துக்கு வரும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ இருப்பின், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவருக்கும் கூலி வழங்கவேண்டும் என்றது. நூறு நாள் வேலைக்கு வருவோருள் பெரும்பான்மையோர் பெண்களாக உள்ள தமிழ்நாட்டுக்கு இது முதன்மையான விதி. இங்கே எண்ணப்படுவது குழந்தை; கட்டாயமாக்கப்படுவது ஆள். ஆனால் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் 5 குழந்தைகளைக் காப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்று இவ்விதி கூறவில்லை. அறையை விட்டு ஆளைப் பற்றிய சட்டம், ஆளின் தகுதியைப் பேசாது விட்டது.

6. கும்பகோணத்துக்குப் பின்

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் கற்பது குழந்தையின் அடிப்படை உரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. தாய் எங்கே வேலை செய்கிறாள் என்னும் வினா இத்தீர்ப்பில் எழவில்லை. குழந்தை இருக்கும் இடம் என்பதே பாதுகாப்புக் கடமைக்குப் போதிய காரணமாயிற்று. எனினும் தீர்ப்பின் களம் பள்ளி. பள்ளி வயதை எட்டாத குழந்தை இருக்கும் காப்பகத்தை அது நேரடியாகத் தொடவில்லை.

2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாள்தோறும் 4 முறை அங்குச் செல்லலாம். இங்கே எண்ணப்படுவோர் ஆண் பெண் இருபாலாரும் என்பது முக்கியமான மாற்றம். பெண்ணைச் சேர்ப்பதனால் மட்டும் வரம்பு கடக்கப்படும் பழைய நிலை இதனால் நீங்கியது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல்கள், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 10 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், அதற்கு மேற்பட்ட வயதுடையோர் 20 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தை முன்வைத்தன. 1948ஆம் ஆண்டுப் பிரிவு சொல்லாது விட்ட எண்ணிக்கை 70 ஆண்டுகளுக்குப்பின் எழுத்தில் இடம்பெற்றது. ஆனால் அது சட்டப்பிரிவில் அன்றி வழிகாட்டுதலிலேயே இடம்பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. இந்தியாவில் காப்பகம் தாயின் உழைப்புக்குத் துணையான வசதியாகவே சட்டத்துள் நுழைந்தது. ஆதலால் குழந்தையின் பாதுகாப்பு அதன் உடன்விளைவாகக் கருதப்பட்டதேயன்றி அதன் நோக்கமாகவில்லை. எளிதில் அளக்கத்தக்க அறை விரிவாக விதிக்கப்பட்டது. அளத்தற்கரிய கண்காணிப்பு 'பயிற்சி பெற்ற பெண்' என்னும் ஒரு தொடருக்குள் அடங்கியது. 1981, 2005 ஆகிய ஆண்டுகளின் விதிகள் குழந்தையை எண்ணின. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பணியாளரை எண்ணின. எனினும் இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் இணையவில்லை.

இவ்விடைவெளியின் சுமையைத் தாங்குபவர் இருவர். ஒருவர், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல மொழியறியாக் குழந்தை. மற்றவர், குறைந்த ஊதியத்தில் அளவுக்கு மிஞ்சிய குழந்தைகளைப் பார்க்கும் பணியாளர். விபத்து நேர்ந்தால் முதலில் குற்றம் சுமத்தப்படுபவரும் அவரே. காப்பகத்துக்கே உரிய உரிமம், வயதுக்கேற்ற விகிதம், குழந்தைகளின் வருகைப்பதிவோடு பணியாளரின் வருகையையும் மணிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஆகிய மூன்றும் சட்டக் கடமையாகும்போதே அறையைக் கண்டு நிறைவுறும் மரபு மாறும் எனலாம்.